அக்கா பேரில் ஆறு வருஷம்

செல்லம்மாளுக்கு வீட்டில் ஒரு பேர், கம்பெனியில் ஒரு பேர். காலையில் சேரப்பணஞ்சேரியில் பஸ் ஏறும்போது அவள் செல்லம்மாள். ஒரகடத்தில் இறங்கி, வடக்குப்பட்டு ரோட்டில் நடந்து, ரப்பர் கம்பெனி கேட்டுக்குள் கால் வைத்துவிட்டால் மஞ்சுளா. சாயந்திரம் ஊரில் வந்து இறங்கினால் மறுபடியும் செல்லம்மாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் திருட்டுத்தனம் எதுவும் கிடையாது. அந்தப் பக்கத்து வழக்கமே அப்படி. சுற்றிலும் நெல் வயல், நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட், அதற்குள் லாரிக்கும் பம்புசெட்டுக்கும் போகிற ரப்பர் வாஷர் தயாராகிறது. ஆண்கள் ரப்பரை அச்சில் வைத்து அழுத்துகிற பிரஸ்ஸில் நிற்பார்கள். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, அச்சிலிருந்து வருகிற வாஷரின் ஓரத்துப் பிசிறைக் கத்தரியால் வெட்டித் தள்ளுவார்கள். ஒருத்தி பிள்ளை பெறத் தாய் வீட்டுக்குப் போனால், தங்கச்சியோ நாத்தனாரோ வந்து அவள் இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். அதற்குப் பதில் ஆள் என்று பேர். பதிலுக்கு வந்தவள் பேரை எழுதினால் பழையவள் இடம் போய்விடும் அல்லவா? ஆகவே பேர் அப்படியே கிடக்கும், ஆள் மட்டும் மாறும். சட்டம் படித்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அவர்களா வந்து பிசிறு வெட்டப் போகிறார்கள்?

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் காவல் தெய்வம் கோதண்டம். படப்பைக்காரர். இரண்டு ரைஸ் மில்லுக்கும் இந்த ரப்பர் கம்பெனிக்கும் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுப்பவர். சனிக்கிழமை மத்தியானம் சைக்கிளில் வந்து இறங்கி, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பேர் கூப்பிட்டுக் கவரைக் கொடுப்பார். "பேரு கெடக்கட்டும்மா. ஆளு கீதா, வேலை நடக்குதா, அத்தோட உடு" என்பது அவர் கொள்கை.

மஞ்சுளா என்பது செல்லம்மாளின் அக்கா. மூத்தவளுக்கு அப்பன் ஆசை ஆசையாய் நாகரிகப் பேர் வைத்தான். இளையவள் பிறந்தபோது அவனுடைய அம்மா செத்து வருஷம் திரும்பியிருக்கவில்லை, அந்தக் கிழவி பேர் இவள் தலையில் விழுந்தது. மஞ்சுளாதான் முதலில் ரப்பர் கம்பெனிக்குப் போனவள். பிள்ளைப்பாக்கத்தில் கட்டிக் கொடுத்த பிறகும் போய்வந்துகொண்டிருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்ததும், "மூணு மாசம் என் எடத்துல ஒக்காருடி, புள்ளை பொறந்ததும் நான் வந்துடறேன்" என்று தங்கச்சியை அனுப்பிவைத்தாள். அது எண்பத்தைந்தாம் வருஷம். பிள்ளை பிறந்தது. மாமியார் அனுப்பவில்லை. அடுத்த பிள்ளை பிறந்தது. அப்புறம் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. மூணு மாசத்துக்கு உட்கார்ந்தவள் ஆறு வருஷமாக உட்கார்ந்திருந்தாள்.

உள்ளதைச் சொன்னால், முதலில் செல்லம்மாளுக்கு அக்கா பேர் பிடித்துத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் "செல்லாக்காசு" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அழவைத்திருக்கிறார்கள். இங்கே பார், சூப்பர்வைசரிலிருந்து டீ கொண்டுவருகிறவர்வரை "மஞ்சுளா, மஞ்சுளா" என்கிறார்கள். அவளும் நிமிர்ந்து உட்கார்ந்து வெட்டினாள். லைனில் அவள் கை வேகத்துக்கு ஈடு கிடையாது. புதிதாக வருகிறவர்களை அவள் பக்கத்தில்தான் உட்காரவைப்பார்கள்.

அப்புறம் அந்தப் பெண் பார்க்கிற கூத்து நடந்தது. வாலாஜாபாத் பக்கத்துக்காரர்கள். பையனின் மாமா லாரியோடு கம்பெனிக்கு வந்தவர், செல்லம்மாளைப் பார்த்துப் பிடித்துப்போய், பேரும் ஊரும் விசாரித்துக்கொண்டு போயிருக்கிறார். நல்ல நாள் பார்த்து, பூவும் பழமுமாக ஐந்தாறு பேர் சேரப்பணஞ்சேரியில் வந்து இறங்கி, "ரப்பர் கம்பெனிக்குப் போவுதே, மஞ்சுளா, அது வூடு எதுங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். தெருவில் நின்ற புண்ணியவான் சும்மா இருந்திருக்கலாம். "மஞ்சுளாவா? அதுக்குக் கல்யாணமாயி ரெண்டு புள்ளை கீதுங்களே!" என்றுவிட்டான். வந்தவர்கள் பஸ் ஸ்டாப்பை விட்டு நகரக்கூட இல்லை. அடுத்த பஸ்ஸிலேயே பூவோடு திரும்பிவிட்டார்கள். அந்த மாமா மறுபடி லாரியோடு வந்து, "இன்னாப்பா, கல்யாணம் ஆன பொண்ணைப் போய்க் காட்டிட்டீங்க" என்று கோபித்துக்கொண்ட பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. லைனே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். அப்புறம் குழாயடிக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் அழுதாள். அவளுக்கும் இருபத்துநாலு ஆகிறதே, எத்தனை பேர் தேடி வருவார்கள்?

போதாக்குறைக்கு மே மாசம் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் குண்டு வெடித்த பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்தப் பஸ்ஸையும் போலீஸ் சும்மா விடவில்லை. வயசுப் பெண் தனியாகப் போனால் கட்டாயம் இறக்கிக் கேட்பார்கள். ஒரகடத்தில் செல்லம்மாளை இறக்கினார்கள். கம்பெனிக்குப் போகிற வழி, நாக்கு தன்பாட்டுக்கு "மஞ்சுளா" என்றது. பையைப் பார்த்தால் மண்ணெண்ணெய் வாங்க எடுத்துவந்த ரேஷன் கார்டு. அதில் அந்த வயசுக்குச் செல்லம்மாள்தான் இருக்கிறாள், மஞ்சுளா இல்லை. புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்கள். வெயில் ஏற ஏற, பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் அவளை எட்டி எட்டிப் பார்த்தார்கள். சேதி போய், இரண்டு பக்கமிருந்தும் ஆள் வந்தது. முதலாளி இராமச்சந்திரன் ஸ்கூட்டரில் வந்து, "நம்ம கம்பெனிப் பொண்ணு சார், மஞ்சுளா" என்றார். அவள் அம்மா கிளியம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்து, "எம் பொண்ணு சாமி, செல்லம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மொதல்ல நீங்க ரெண்டு பேரும் ஒரு பேரா முடிவு பண்ணிக்கினு வாங்க" என்றார் போலீஸ்காரர். அப்புறம் ஊர்க்காரர்கள் நாலு பேர் சொல்லித்தான் விட்டார்கள்.

முதலாளி அன்றைக்கே பயந்துவிட்டார். ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் யார் யார் என்றே தனக்குத் தெரியாது என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. நாளைக்குப் போலீஸோ லேபர் ஆபீஸோ வந்து கேட்டால்? கோதண்டத்தைக் கூப்பிட்டு, "இனிமே சம்பளக் கணக்கை கிண்டியில ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல கொடுக்கப்போறேன். தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார்.

கோதண்டம் ஒரேயடியாக உடைந்துபோவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். "நல்லதாப் போச்சு மொதலாளி, சனிக்கிழமையாவது வயிறாரத் தின்னுட்டுப் படுப்பேன்" என்றார். புது ஆளுக்குக் கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன் என்பது மட்டும் அவர் பிடிவாதம். எதற்கு அந்தப் பிடிவாதம் என்பது அவருக்குத்தான் தெரியும். ஷெட்டில் அவர் உட்காரவைத்த பதில் ஆள் செல்லம்மாள் மட்டுமா என்ன?

கிண்டியிலிருந்து சிவசங்கர் வந்தான். இன்-ஷர்ட் போட்ட, மரியாதையான பையன். ஆளுக்கொரு விவரம் எழுத உட்கார்ந்தவன் முதல் ஐந்து பேரிலேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டான். பிரஸ்ஸில் நிற்கிற ரகுபதிக்கு மீசை முளைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. பதிவில் அவன் பேர் தசரதன், வயது ஐம்பத்தாறு. அது அவன் அப்பன்.

"கம்ப்யூட்டர்ல இப்படியே ஏத்தினா உங்களுக்கு ரெண்டு வருஷத்துல ரிடையர்மென்ட் வந்துடும்" என்றான் சிவசங்கர்.

"வரட்டும் சார். வூட்ல ஒக்காந்து எங்கப்பனாட்டம் சீட்டாடறேன்" என்றான் ரகுபதி.

கோதண்டம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அதற்குத்தான் அவர் காத்திருந்தார். "தம்பி, ஊர் நாட்டுல ஒரு ஆளுக்கு ரெண்டு பேரு இருக்கறதுதான். வூட்டுப் பேரு ஒண்ணு, வெளிப் பேரு ஒண்ணு. நடுவுல ஒரு 'என்கிற' போட்டுட்டா முடிஞ்சுது. தசரதன் என்கிற ரகுபதி. ரெஜிஸ்டர் ஆபீஸ்லயே ஒத்துக்கறான், உன் கம்ப்யூட்டரு ஒத்துக்காதா?"

பதில் ஆட்களுக்கெல்லாம் மூச்சு வந்தது. மஞ்சுளா என்கிற செல்லம்மாள்! அன்று பஸ்ஸில் அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆறு வருஷமும் போகாது, அவள் பேரும் அவளுக்குக் கிடைக்கும். இனி யாராவது விசாரித்து வந்தாலும் சரியான பேரைக் கேட்டு வருவார்கள். சனிக்கிழமை ரேஷன் கார்டோடு வரச் சொல்லியிருக்கிறது. படப்பை ஸ்டுடியோக்காரர் வந்து ஷெட்டிலேயே போட்டோ எடுத்து, ஆளுக்கொரு கார்டு போட்டுக் கொடுக்கப்போகிறார்கள்.

இந்த இடத்தில்தான் விதி குறுக்கே வந்து உட்கார்ந்தது. மஞ்சுளா அப்போது தாய் வீட்டில் இருந்தாள். செங்கல் சூளையில் மேஸ்திரியாக இருந்த புருஷன், பெங்களூரில் பெரிய வேலை என்று போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். மாமியார் மருமகளைத்தான் குறை சொன்னாள். ஆடி மாசம் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் வந்து சேர்ந்தவள் அதிகம் பேசுவதில்லை. கீரை ஆய்வாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவாள், தெருப்பக்கம் தலைகாட்ட மாட்டாள்.

செல்லம்மாள் சந்தோஷம் தாங்காமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த மஞ்சுளாவின் கை நின்றது.

"போட்டோ எப்போ?"

"சனிக்கிழம."

"நானும் வரேன்."

"நீ எதுக்குக்கா?"

"எதுக்கா? மஞ்சுளா யாருடி? நானா நீயா?"

அக்கா விளையாடவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"பதிலுக்குத்தானே உன்ன அனுப்பிச்சேன்? எடத்தையே எழுதியா குடுத்தேன்? இப்போ நான் வந்துட்டேன், என் எடம் எனக்கு வேணும்" என்றாள் மஞ்சுளா.

"ஆறு வருஷம் ஆச்சுக்கா! மூணு மாசம்னு சொல்லிட்டுப் போனவ நீ. இன்னாத்துக்கு இத்தன நாள் வரல?" செல்லம்மாள் வலது கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். கத்தரி பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் அடியில் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. "இத்தப் பாரு. இது யாரு கையி? உன்னுதா?"

மஞ்சுளா அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கத்தாமல்தான் சொன்னாள். "புருஷன் போயிட்டான். வூடு போயிடுச்சு. கொடுத்த நகையும் அவங்க ஆத்தாகிட்ட கீது. எனக்குன்னு அந்தப் பேரு ஒண்ணுதாண்டி பாக்கி. அத்தையும் நீயே வெச்சிக்கினா நான் ரெண்டு புள்ளைய இட்டுக்கினு எங்கடி போவேன்?"

"ரெண்டும் எவ வயித்துலயோ பொறந்த மாதிரி அடிச்சிக்குதுங்களே, நான் யாரு பக்கம் பேசுவேன்?" என்று கிளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அன்றிலிருந்து அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. சின்ன வீடு, பேசாமல் இருப்பதற்குக்கூட இடம் போதாது. ஒருத்தி உள்ளே வந்தால் ஒருத்தி வெளியே போனாள்.

யார் செய்தது நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். மஞ்சுளா பேசுவதைக் கேட்டால் அவள் பக்கம், அந்தக் கட்டைவிரலைப் பார்த்தால் இவள் பக்கம்.

லைனில் விஷயம் தெரிந்ததும் கோவிந்தம்மா கொதித்துவிட்டாள். செல்லம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்கிறவள், வாய் பெரிசு, மனசும் பெரிசு. "வரட்டுமே! இங்க எவளுக்கு அவளத் தெரியும்? நாங்கள்லாம் உனக்கப்புறம் வந்தவங்க. எங்களுக்குத் தெரிஞ்ச மஞ்சுளா நீதான். நீ வாயே தொறக்காத, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

சூப்பர்வைசரும் பழைய ஆள் இல்லை. முதலாளிக்கு அந்த நாளில் லைனில் இருந்த ஒரு முகமும் நினைவில்லை. மஞ்சுளாவின் முகம் தெரிந்தவர் கோதண்டம் ஒருத்தர்தான், அவரோ 'என்கிற' போட்டு ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை வரும்வரை செல்லம்மாள் இரண்டு நாளும் இதையேதான் எண்ணிக்கொண்டிருந்தாள். தான் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்பது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, அசிங்கமாகவும் இருந்தது.

சனிக்கிழமை ஷெட்டுச் சுவரில் நீலத் துணி கட்டி, முன்னால் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். பெண்களெல்லாம் தலை நிறையப் பூ. சிவசங்கர் பேர் கூப்பிட, ஒவ்வொருவராகக் கார்டைக் காட்டிவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்கள். "தசரதன் என்கிற ரகுபதி" என்றதும் விசில் பறந்தது. முதலாளியே சிரித்துவிட்டார்.

"மஞ்சுளா என்கிற செல்லம்மாள். சேரப்பணஞ்சேரி."

செல்லம்மாள் எழுந்தாள். அதே நேரம் கேட்டுப் பக்கமிருந்து, "நான்தாங்க மஞ்சுளா" என்று குரல் வந்தது.

மஞ்சுளா அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறாள். பெட்டியிலிருந்த ஒரே பட்டுப் புடவையைக் கட்டி, மல்லிகைப் பூ வைத்து, போட்டோவுக்கென்றே பவுடர் பூசிக்கொண்டு வந்து நின்றாள்.

"யாரும்மா நீ? எங்க மஞ்சுளா இதோ கீறா" என்றாள் கோவிந்தம்மா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

"நான் இங்கதாங்க வேலை பாத்தேன். இது என் எடம்."

"எந்த எடம்? எந்தப் பிரஸ்ஸு எங்க கீதுன்னு சொல்லு பாப்போம்!" என்றான் ரகுபதி. அவள் சுற்றிலும் பார்த்தாள். அவள் இருந்தபோது இரண்டே பிரஸ், கூரையும் ஓலை. அவளுக்கு எதுவும் அடையாளம் தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

"கோதண்டண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. என்னத் தெரியலியா?"

கோதண்டத்துக்கு அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியில் தூசி விழுந்துவிட்டது. வேட்டி நுனியால் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பாவம், உண்மையைச் சொன்னால் எழுதிக் கொடுத்த அத்தனை 'என்கிற'வும் அவிழ்ந்துவிடுமே!

"உங்க ரேஷன் கார்டு இருக்காம்மா?" என்று கேட்டான் சிவசங்கர்.

"மாமியார்கிட்ட கீதுங்க. குடுக்க மாட்டேன்னுட்டாங்க." மஞ்சுளாவின் குரல் இறங்கிவிட்டது. "சத்தியமா என் பேரு மஞ்சுளாங்க."

இதற்கும் சிரிப்புத்தான். முதலாளி எரிச்சலோடு கையை அசைத்தார். சிவசங்கர் செல்லம்மாள் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்கம்மா. இவங்க யாரு?" என்றான்.

கோவிந்தம்மா கண்ணால் ஜாடை காட்டினாள். 'தெரியாது' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதைக்கூடச் சொல்ல வேண்டாம், தலையைக் குனிந்துகொண்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தாலே போதும். ஆறு வருஷமும் அவளுடையது, லைனில் முதல் இடமும் அவளுடையது. அவள் நாக்கில் அந்தச் சொல் வந்தும்விட்டது.

மஞ்சுளா அவளைப் பார்க்கவே இல்லை. தன் பேரைச் சொல்லியும் ஒருத்தரும் நம்பாமல் போன முகத்தோடு, பட்டுப் புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். செல்லம்மாளுக்குப் புளியமரத்தடி ஞாபகம் வந்தது. அன்று தன்னை எல்லாரும் எட்டிப் பார்த்தார்களே, அதே பார்வை இன்று அக்காவின் மேல் இருந்தது. ஐயோ, என் அக்காவைப் பார்த்தா இத்தனை பேர் சிரிக்கிறார்கள்? அதையா நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்?

"சிரிக்காதீங்க!" என்று கத்திவிட்டாள். "அவ எங்கக்கா. அவதான் மஞ்சுளா. நான் செல்லம்மா. பதிலுக்கு வந்தவ."

கோவிந்தம்மா, "கெட்டுதே குடி" என்று தலையில் கை வைத்தாள்.

முதலாளி கெட்ட மனுஷன் இல்லை, பயந்த மனுஷன். பதிவில் மஞ்சுளா என்று இருக்கிறது, மஞ்சுளாவே எதிரில் நிற்கிறாள். அவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? "அப்போ பதிவுல உள்ள அந்த நம்பரை அந்தப் பொண்ணு பேருக்கே போடுங்க" என்றார். மற்ற 'என்கிற'வையெல்லாம் கிளற அவருக்குத் தைரியம் இல்லை.

"இது?" என்று செல்லம்மாளைக் காட்டினான் சிவசங்கர்.

முதலாளி வாயைத் திறப்பதற்குள் கோவிந்தம்மா கத்தரியைத் தரையில் ஓங்கி வைத்தாள். "தீவாளி ஆர்டர் மல மாதிரி கெடக்குது மொதலாளி. அவள அனுப்பிச்சிட்டு யார வெச்சி வெட்டுவீங்க? நான் சொல்றத சொல்லிட்டேன்."

"புதுசா ஒரு நம்பர் போட்டுக்கலாம் சார். கம்ப்யூட்டருக்கு அதுல ஒண்ணும் சிரமம் இல்லை" என்றான் சிவசங்கர் மெதுவாக.

"சரி. ஆனா இன்னிக்குத் தேதியில சேர்ந்ததாத்தான் எழுதணும். ஆறு வருஷம், ஏழு வருஷம்னு பின்னால யாரும் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார் முதலாளி.

அவ்வளவுதான். ஆறு வருஷக் கத்தரியும் காய்ப்பும் ஒரு வார்த்தையில் காணாமல் போயிற்று. லைனிலேயே வேகமான கைக்காரி, அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த புது ஆள். எனக்கு இதை நினைத்தால் இன்னும் ஆத்திரம்தான் வருகிறது. அவள் என்ன நினைத்தாளோ, ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஸ்டுடியோக்காரர் "சிரிம்மா" என்றார். சிரிப்பு வரவில்லை. அப்படியே எடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை அக்காவும் தங்கையும் ஒரே பஸ்ஸில், ஆளுக்கொரு சீட்டில் போனார்கள். மஞ்சுளாவுக்குக் கை மறந்துபோயிருந்தது. பிசிறோடு வாஷரையும் சேர்த்து வெட்டினாள், விரலையும் வெட்டிக்கொண்டாள். மத்தியானம்வரை பார்த்துக்கொண்டிருந்த செல்லம்மாள், கை துடைக்க வைத்திருந்த துணியில் ஒரு துண்டு கிழித்து, அவள் கட்டைவிரலில் சுற்றிவிட்டாள். அப்புறம், "கத்தரியச் சாய்ச்சுப் புடிக்கா. நிமித்திப் புடிச்சா அறுக்கும்" என்றாள். வீட்டுச் சண்டைக்குப் பிறகு அக்காவிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"எனக்காக எதுக்குடி சொன்ன?" என்று கேட்டாள் மஞ்சுளா, விரலைப் பார்த்தபடியே.

"உனக்காக இன்னாத்துக்குச் சொல்றேன்? எம் பேர நான் சொன்னேன்."

மஞ்சுளா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கத்தரியைச் சாய்த்துப் பிடித்தாள். லைனுக்குத்தான் பெரிய பேஜார். யாராவது "மஞ்சுளா" என்று கூப்பிட்டால் இரண்டு தலை நிமிரும். செல்லம்மா என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. கோவிந்தம்மா அவளை "ஏய்" என்று கூப்பிட்டே அந்த மாசத்தை ஓட்டிவிட்டாள்.

வாரச் சம்பளம் இப்போது மாசச் சம்பளம் ஆகிவிட்டது. மாசக் கடைசியில் சிவசங்கர் கம்ப்யூட்டர் போட்ட முதல் சம்பளத்தைக் கொண்டுவந்தான். இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக, மடிப்பு மடிப்பாக நீளக் காகிதம். வேடிக்கை பார்க்கக் கோதண்டமும் வந்து, வெற்றிலையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். மஞ்சுளா பேர் மேலேயே வந்தது. புது ஆட்கள் கடைசியில்.

"செல்லம்மாள்" என்றான் சிவசங்கர்.

யாரும் எழவில்லை. "செல்லம்மாள் யாரும்மா? வரலையா?" என்றான். யார் இந்தப் புது ஆள் என்று ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்தார்கள். செல்லம்மாளும் எல்லாரையும் போலத் திரும்பிக் கேட்டுப் பக்கம் பார்த்தாள்.

"ஏய் செல்லம்மா! உன்னத்தாண்டி!" என்று மஞ்சுளா ஷெட்டே அதிரக் கத்தினாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. எழுந்து போய் மேஜைக்கு முன்னால் நின்றாள். சிவசங்கர் காட்டிய இடத்தில் பேனாவை வைத்தாள். கை தன்பாட்டுக்கு 'ம' என்று எழுதியது. அப்படியே நின்றுவிட்டாள். ஆறு வருஷமாகப் போட்ட கையெழுத்து, விட்டால் முழுதும் எழுதி முடித்துவிடும்.

"என்னம்மா? உங்க பேருதானே?" என்று கேட்டான் அவன்.

அவள் முதுகுக்குப் பின்னால் மஞ்சுளா வந்து நின்றாள். "எம் பேரு அவளுக்குப் பழகிப்போச்சு சார். ஆறு வருஷம் காப்பாத்தி வெச்சிருந்தா இல்ல, ஒடனே எப்படி உடும்? பொறுங்க, எழுதுவா" என்றாள்.

செல்லம்மாள் அந்த 'ம'வை அடித்துவிட்டு, பக்கத்தில், எட்டாம் வகுப்போடு எழுதுவது விட்டுப்போன தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.